இரவல் வலு

காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொடுவதுபோல் கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் புறங்கையை வைத்துப் பார்க்கிறார் சிவதர்சினி. சூடு ஏறியிருக்கிறது. மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டு, தான் ஒரு கலண்டர் மட்டையால் விசிறிக்கொள்கிறார். "பாவம், விடியத் துவங்கினது. இன்னும் முடியேல்லை" என்கிறார், அவரைப் பற்றி எழுத வந்திருக்கும் என்னிடம்.

வட்டக்கச்சியில், வயலைப் பார்த்த வீட்டில் தனியாக இருக்கிறார். காலையில் உயர்தர மாணவருக்கு இரசாயனவியல் வகுப்பு. மற்ற நேரமெல்லாம் குவாண்டம் இரசாயனக் கணிப்பு. ஒரு மூலக்கூறு இன்னொன்றை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் என்று கணினியிலேயே கண்டுபிடிப்பது. பக்கத்து வீட்டு விமலேஸ்வரி வேலியால் எட்டிக் கேட்பார்: "என்ன பிள்ளை, ஆரோட கதைக்கிறாய்?"

"கொம்பியூட்டரோட அக்கா."

முன்பு பின்னேரங்களில் மனிதரோடும் கதைத்தார். கூடப் படித்த பிரசாந்தன் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றிலிருந்து தினமும் அழைப்பார். கிணற்று நீரிலுள்ள புளோரைட்டைப் பிடித்தெடுக்கும் ஓர் இரசாயனச் சேர்வையை இருவருமாகத் தேடினார்கள். ஒன்று அகப்பட்டது. அதன் பிடி அபாரமாக இருந்தது. கட்டுரை ஏற்கப்பட்டது, அங்கேயே போய் ஆய்வு செய்ய சிவதர்சினிக்கும் ஓர் இடம் கிடைத்தது. கோழிகளைக்கூட விமலேஸ்வரியிடம் ஒப்படைத்துவிட்டார்.

பிறகுதான் சிவதர்சினிக்கு, முடிவு சரிதானோ என்று ஐமிச்சம் வந்தது. "பிடி கூடிப்போச்சு. தண்ணிக்குள்ள அப்பிடி நிக்காது."

இரண்டு மூலக்கூறுகளைக் கிட்ட வைத்துக் கணிக்கும்போது ஒன்றின் இலத்திரன்களை விவரிக்கவென்று எழுதிய கணிதச் சார்புகளை மற்றது இரவல் வாங்கிக்கொள்ளும். அந்த இரவலால் பிணைப்பு உள்ளதைவிட வலுவாகத் தெரியும். "அப்ப ஒண்டைத் தூக்கிப்போட்டு, அதின்ரை சார்புகளை மட்டும் அந்த இடத்திலயே விட்டிட்டு, மற்றதைத் தனியக் கணிக்கோணும். ஆளில்லாத அந்த இடத்துக்குப் பேய் அணு எண்டு பேர்."

அப்படிக் கணித்து, இரவலைக் கழித்துப் பார்த்தார். பிடி பாதிக்கும் கீழே விழுந்தது. அன்றைக்கே பிரசாந்தனிடம் சொன்னார்.

"எல்லாருக்கும் வாற பிழைதானே. ஆர் பாக்கப்போயினம்?"

"நான் பாத்திட்டன்."

கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். வெளிநாட்டில் கிடைத்த ஆய்வு இடமும் போயிற்று. கோழிகள் திரும்பி வந்தன. அழைப்புகள் ஐதாகி, ஒருநாள் நின்றன. "கோவமெண்டில்லை. அவருக்குக் கதைக்க ஒண்டும் இல்லைப் போல" என்கிறார், திரையைப் பார்த்தபடி.

இப்போது ஓடுவது வேறொரு சேர்வை. நான் இருக்கும்போதே கணிப்பு முடிந்தது. குனிந்து இரண்டுதரம் வாசித்தார்.

"சின்னப் பிடிதான். ஆனா இது நிக்கும்."

"ஆருக்குச் சொல்லப்போறியள்?" என்று கேட்டேன்.

"உங்களுக்குச் சொல்லிட்டன்தானே."

எழுந்து, "அப்ப நான் வாறன்" என்றேன். படலைவரை கூடவே வந்தார். மோட்டார் சைக்கிளில் ஏறப்போனேன்.

"நல்ல வெயில். இன்னொரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

நான் பதில் சொல்வதற்குள் என் கையிலிருந்த தலைக்கவசத்தை வாங்கிக்கொண்டு குசினிப் பக்கம் நடந்தார்.