தங்கச்சியை நான்தான் கண்டுபிடித்தேன்

போன மாதம் கே.ஜி.கண்டிகை டீக்கடைக்கு எதிரில், பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று ஒரு கூட்டம் போட்டார்கள். உலகத்தில் எத்தனையோ தேசங்களில் இதே பேச்சைத்தான் பேசுகிறார்களாம். அங்கே கட்டியிருந்த பேனர் படத்தில் பல தேசத்துப் பிள்ளைகள் கைகோத்து நின்றார்கள். அடி வாங்குவதில் நாமும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கழுத்தில் அட்டை மாட்டிய பெண் ஒருத்தி என் கையில் ஒரு பலகையைத் திணித்தாள். மூன்றாங்கிளாஸோடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டுவதற்குள் கை வலித்துவிட்டது.

"இன்னாம்மா போட்டுக்குது இதுல?"

"பார்த்தால் சொல்லுங்கள்னு போட்டிருக்கு பாட்டி. ஒரு புள்ள அடிபடறதப் பார்த்தா, யார்கிட்டயாவது சொல்லிடணும்."

"ஆங், நான் எட்டு வயசுலயே சொல்லிட்டேம்மா."

எல்லோரும் கைதட்டினார்கள். என்ன சொன்னேன் என்று யாரும் கேட்கவில்லை.

சித்தப்பா மகளுக்கு அப்போது ஏழு வயது. அவளைப் பெற்றவள் இல்லை. சித்தப்பா ரயில் பாதை வேலைக்கு ஊர் ஊராய்ப் போனதால் அவள் எங்கள் வீட்டில் இருந்தாள். வீட்டை ஆண்டது அத்தை. நைனாவே அவளுக்குப் பயப்படுவார், அம்மா வாயே திறக்க மாட்டாள். தங்கச்சி தூக்கத்தில் பாயை நனைப்பாள். அதற்கு அத்தை அடித்தாள், மிளகாய்ப் புகை போட்டாள். ஒருநாள் கரண்டிக் காம்பைக் காய்ச்சி அவள் கெண்டைக்காலில் இழுத்தாள். சூடு வைத்தால் நின்றுவிடும் என்பது அத்தையின் வைத்தியம். ஒருமுறை நனைத்தவள் அதற்குப் பிறகு இரண்டு முறை நனைத்தாள்.

அந்த இருமலையும் நொண்டலையும் நான் அப்படியே நடித்துக் காட்டுவேன். வீடே சிரிக்கும்.

வைத்தியம் பலிக்காததால் முருகனிடம் விட்டார்கள். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையில் அவளுக்கு மொட்டை போடுவதாக வேண்டுதல். அன்றைக்கு மலை முழுக்க மொட்டைகள்தான். சந்தனத்தைப் பூசி மஞ்சள் துண்டைப் போர்த்திவிட்டால், எது யார் பிள்ளை என்று முருகனுக்கே தெரியாது.

சந்தனம் காய்வதற்குள் அவளைக் காணோம்.

அத்தை மாரில் அடித்துக்கொண்டு படி இறங்கினாள். கண்ணில் பட்ட மொட்டையின் முகத்தையெல்லாம் திருப்பிப் பார்த்தாள். பாதிப் படியில் புத்தூர்ப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. அம்மாக்காரியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நாலு மொட்டைகள். கடைசி மொட்டை அவள் இடுப்பில் முகத்தைப் புதைத்திருந்தது. அத்தை கையை நீட்டினாள்.

"மா பிட்டம்மா," என்று அந்த அம்மாள் கையைத் தட்டிவிட்டாள். என் பிள்ளை என்று அர்த்தம். அத்தைக்கும் தெலுங்கு தெரியும். அவள் அடுத்த படிக்கு இறங்கிவிட்டாள்.

நான் இறங்கவில்லை. குனிந்து அந்தப் பாவாடையைத் தூக்கிப் பார்த்தேன்.

"அத்தே! இதோ கீறா! நம்ம வச்ச சூடு கீது பாரு!"

தங்கச்சி அழவில்லை. முந்தானையைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரிக்க வேண்டியிருந்தது.

"புள்ள புடிக்கிறவளே, நீ நல்லாருப்பியாடி?" என்று அத்தை கத்தினாள். கூட்டம் கூடிவிட்டது. அந்த அம்மாள் அத்தையைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"நுவ்வெந்துக்கம்மா செப்பினாவு?" நீ ஏனம்மா சொன்னாய் என்று மெதுவாகக் கேட்டாள்.

திருட்டு அகப்பட்டுப்போன கோபம் என்று நினைத்து நான் நாக்கைத் துருத்திக் காட்டினேன்.

நைனா எனக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கித் தந்தார். பஸ்ஸில் தங்கச்சி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எப்டிக்கா கண்டுபுடிச்சே?"

"கால்ல சூடு தெரிஞ்சிது இல்ல?"

பாவாடையைப் பாதம் மூடும்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

தை மாதம் என்னை அரக்கோணத்து மாமா வீட்டில் பத்து நாள் விட்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது அவள் பாய் இல்லை. சித்தப்பா வந்திருந்தார், சோற்றைத் தொடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். காய்ச்சலில் போய்விட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். காய்ச்சல் இல்லை என்று அம்மா என்னிடம் வாய் திறந்தது எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளை பிறந்த பிறகு. அதுவரை தெலுங்குக்காரி பிள்ளை திருடிய கதையை எத்தனை கல்யாண வீட்டில் சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன்!

அரக்கோணத்திலிருந்து திரும்பிய அன்றைக்கு நான் அத்தையைத்தான் கேட்டேன்.

"தங்கச்சி எங்க அத்தே?"

அத்தை அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "அந்தத் தெலுங்குக்காரி வந்து இட்டுகினு பூட்டா."

நம்பினேன். எனக்கு ஒரே பொறாமை. அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு எனக்கும் மொட்டை போடச் சொல்லி, தரையில் புரண்டு அடம்பிடித்துப் போட்டுக்கொண்டேன். தலை நிறையச் சந்தனத்தோடு பாதிப் படியில் போய் உட்கார்ந்தேன். அம்மா வந்து இழுத்துப் போகும்வரை, இறங்கி வந்த பிள்ளைகளின் கால்களை ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.