பத்து இதழ்ப் பூ

"ஒண்ணு நைனாவப் பாரு, இல்லாங்காட்டி ஊசியப் புடி. ரெண்டுத்தையும் புட்ச்சிகினு கஷ்டப்படாதமே" என்றார் எங்கள் அன்பியத் தலைவி. ராயபுரத்தில் எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்தது ஓர் அன்பியம். மாதா கோவில் திருவிழாவின் ஒன்பது நாள் நவநாளில் ஒவ்வோர் அன்பியத்துக்கும் ஒரு நாள் உண்டு. எங்கள் நாளுக்குப் பீடத்துணியின் முன்விளிம்புக்கு குரோஷா லேஸ் பின்னித் தருகிறேன் என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவள் நான். சொல்லி வாய் மூடுவதற்குள் என்னைப் பெற்ற நைனா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். மிஷின் லேஸ் வாங்கிவிடலாம் என்று தலைவி சொன்னது நல்ல மனதோடுதான். எனக்குத்தான் சுருக்கென்றது. வருஷம் முழுக்க அடுப்பும் துணியுமாக இருப்பவளுக்கு அந்த ஒரு நாள் பீடத்தில் தன் கைவேலை தொங்க வேண்டும் என்று ஆசை இருக்காதா? "ரெண்டையும் பண்ணுவேன் யக்கா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சொல்வது சுலபம். நைனா துறைமுகத்தில் கிரேன்காரருக்குக் கைகாட்டி, குரல் கொடுத்துச் சரக்கு இறக்கியவர். கட்டிலிலிருந்து அவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைக்கும்போது இரும்பை இறக்கச் சொல்லும் அதே அதிகாரத்தோடு "ஆரியா... ஆரியா..." என்பார். மெதுவாக இறக்கு என்று அர்த்தம். நான் ஊசியை எடுத்தால் போதும், அவருக்குத் தண்ணீர் வேண்டும். கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் ஃபேனைக் குறைக்க வேண்டும், அப்புறம் கூட்ட வேண்டும். அதற்குள் எனக்கு எண்ணிக்கை விட்டுப்போகும். போட்டதை உருவி மறுபடி ஆரம்பித்தால், "யம்மா, இன்னா பண்ணினு கீற?" என்று குரல் வரும். போதாததற்கு வாசலில் ஓயாமல் போகும் கன்டெய்னர் லாரிகளின் தூசு. வெள்ளை நூல் மதியத்துக்குள் கலீஜாகிவிடும். தோசைமாவு டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு, நூல்கண்டை உள்ளே வைத்து, ஓட்டை வழியே நூலை இழுத்து இழுத்துப் பின்னினேன்.

நைனா என்னை எதற்கும் கூப்பிடாத நேரம் ஒன்றே ஒன்றுதான். சாயங்கால ஜெபமாலை. கண்ணை மூடிக்கொண்டு அவர் "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கி முதல் பாதியைச் சொல்வார், நான் மறுபாதியைச் சொல்ல வேண்டும். பத்து முறை சொன்னால் ஒரு கட்டு. வாய்க்குத்தானே வேலை, கை சும்மாதானே இருக்கிறது என்று ஒருநாள் தோன்றியது. ஒரு ஜெபத்துக்கு ஓர் இதழ், ஒரு கட்டுக்கு ஒரு பூ. நான் எண்ணவே வேண்டாம், நைனா எண்ணிக்கொள்வார்; அவர் கட்டை முடித்தால் நான் பூவை முடிப்பேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். டப்பாவில் பூக்கள் மளமளவென்று சேர்ந்தன.

தலைவி பார்க்க வந்த அன்று எல்லாவற்றையும் இணைத்துப் பெருமையாக மேசையில் விரித்தேன். லேஸ் படியவில்லை. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்பியது. அப்போதுதான் இதழ்களை எண்ணிப் பார்த்தேன். ஒரு பூவுக்கு ஒன்பது, ஒன்றுக்குப் பன்னிரண்டு, இன்னொன்றுக்குப் பதினான்கு! விழுந்ததிலிருந்து நைனாவின் விரல்களில் ஜெபமாலை மணி நிற்பதில்லை. மனதிலேயே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார், அதுவும் தவறிக்கொண்டே இருந்திருக்கிறது. தலையாட்டி பொம்மை மாதிரி நானும் கூடவே சொல்லி, கூடவே பின்னியிருக்கிறேன்.

"இன்னா நைனா, பத்து வரிக்கும் எண்ண மாட்டியா?" என்று கத்திவிட்டேன்.

"நான் பத்துதான் சொன்னேன். உன் கைதான் கோணக்கை" என்றார் அவர், அசராமல்.

தலைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பிரிச்சிப் போட டைம் இல்லமே. நாளிக்கி நான் வண்ணாரப்பேட்டைக்குப் போயி மிஷின் லேஸே வாங்கிக்கினு வந்துடறேன்" என்றார்.

பிரிப்பதா? பத்துக்கு மேற்பட்ட ஒவ்வோர் இதழும் அந்த மனிதர் வலியோடு உட்கார்ந்து கூடுதலாகச் சொன்ன ஜெபம். அதை எப்படி உருவுவேன்? "மிஷினும் வேணாம், ஒண்ணும் வேணாம். படியலன்னா தொங்கட்டும்" என்றேன். கோபத்தில் வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் அதுவே வழி என்று புரிந்தது. பூக்களை இணைத்த முடிச்சுகளை மட்டும் வெட்டினேன். ஒவ்வொரு பூவையும் ஒரே ஓர் இதழில் பிடித்துத் துணியின் விளிம்பில் தைத்தேன். நைனாவின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, தண்ணீருக்கும் ஃபேனுக்கும் எழுந்து எழுந்து தைத்தேன். இந்த முறை எழுந்தால் கெட்டுப்போக எந்த எண்ணிக்கையும் இல்லை.

எங்கள் நாளில் நைனாவைச் சக்கர நாற்காலியில் முன்வரிசைக்கே தள்ளிக்கொண்டு போனேன். பீடத்தின் முன்னால் பூக்கள் தொங்கின. இதழ் கூடியவை சுருண்டு மடிந்து நிஜப் பூக்களாகவே எழும்பி நின்றன, குறைந்தவை அவற்றுக்கு இடம்விட்டு விரிந்திருந்தன. மின்விசிறிக் காற்றில் விளிம்பு முழுவதும் ஆடியது. பூசை முழுக்க நான் சாமியைப் பார்த்ததைவிட லேஸைப் பார்த்ததே அதிகம். கர்வம்தான், ஒத்துக்கொள்கிறேன். பூசை முடிந்ததும் பெண்கள் பீடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். "எங்க அன்பியத்துல கையால போட்டதுமே!" என்று தலைவி எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார். மிஷின் லேஸ் பேச்சையே காணோம்.

வேறோர் அன்பியத்துப் பெண் என்னிடம் வந்தார். "வர்ற வருசம் எங்க நாளுக்கு இதே மாரி போடணும் யக்கா. ஒரு பூவுக்கு எத்தினி எதழு?"

"அத எங்க நைனாவத்தான் கேக்கணும். எண்ணினது அவருதான்" என்றேன்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார் நைனா. "பத்து" என்றார், கிரேன்காரருக்குக் கேட்கும் குரலில். "ஒண்ணு கூடவும் கெடயாது, ஒண்ணு கொறைவும் கெடயாது."

அந்தப் பெண் பீடத்துக்குப் போய் ஒரு பூவைப் பிடித்து, விரலால் ஒவ்வோர் இதழாகத் தொட்டு எண்ண ஆரம்பித்தார். முடித்துவிட்டு, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு அடுத்த பூவைப் பிடித்தார். எண்ணட்டும் என்று விட்டுவிட்டு நான் நைனாவை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு நடந்தேன்.