டிரைவைத் தூக்கி வைத்து ஊற்றிய எண்ணெய்

படகுப் பட்டறையில் அந்த மெக்கானிக்குக்கு ‘சந்தேகம்’ என்று பெயர். பெட்ரோல் முள்ளைக்கூட நம்ப மாட்டார். டாங்கில் குச்சி விட்டுப் பார்த்தால்தான் அவருக்கு மனசு ஆறும். இருபத்தாறு வருடமாக ஒரே வேலை. படகின் பின்னால் வெளியே தொங்கும், விசிறி பொருத்திய டிரைவை எண்ணெய் அழுத்தத்தால் ஏற்றி இறக்கும் அமைப்பைப் பார்த்துக்கொள்வது. ஒரு பம்ப், இரண்டு சிலிண்டர், சில ஹோஸ்கள், அவ்வளவுதான் சரக்கு. அதைக் கெடுப்பதற்கென்றே ஜனங்கள் படகு வாங்குகிறார்கள் என்பது அவருடைய தீர்மானம்.

எந்தப் படகு வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: “இதை யாரு செஞ்சது?” அவர் கேட்கிற தோரணையில் பாதிப் பேர் பொய் சொல்லிவிடுவார்கள்.

அன்று வந்தவர் பல் டாக்டர். வெள்ளைப் படகு, வெள்ளைச் செருப்பு, படித்தவன் என்ற மிதப்பு. இஞ்சின் அறை முழுக்க எண்ணெய் வழிந்து கிடந்தது, அதுவும் மூன்றாவது தடவை.

“இதை யாரு செஞ்சது?”

“நான்தான் ஊத்தினேன். பம்ப் டப்பாவுல எண்ணெய் குறைஞ்சிருந்துச்சு.”

“அப்ப டிரைவ் மேல தூக்கியிருந்துச்சா?”

“ஆமா. கரையில நிறுத்தினா தூக்கித்தானே வைப்போம்?”

சந்தேகத்துக்குக் குஷி பிறந்துவிட்டது. டிரைவ் மேலே இருந்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் போயிருக்கும். டப்பாவில் குறைவாகத்தான் தெரியும். முழுக்க இறக்கிவிட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும். தூக்கி வைத்து நிரப்பினால், இறக்கும்போது திரும்பி வரும் எண்ணெய் எங்கே போகும்? இந்தச் சின்ன விஷயம் தெரியாதவரிடம் ஊரே வாயைத் திறந்து காட்டுகிறது.

“வாயை மூடிக்கிட்டு இருக்குறவனுக்கு நீங்க பல்லு எண்ணுவீங்களா டாக்டர்?”

டாக்டரின் காது சிவந்தது.

மிச்ச எண்ணெயை உறிஞ்சி எடுத்த பிறகும் இடது சிலிண்டர் கசிந்தது. சீல் போயிருந்தது. டிரைவைத் தூக்கி நிறுத்தி, ஹோஸைக் கழற்ற வேண்டும். அதே பட்டறையில் உதிரிபாக ஸ்டோரைக் கவனிக்கும் அவர் மனைவி புது சீலோடு ஒரு மரக்கட்டையும் கொண்டுவந்தாள்.

“ஏங்க, இதை டிரைவுக்கு முட்டுக் குடுத்துட்டு அப்புறம் கையை விடுங்க.”

“நீ ஸ்டோரைப் பாரு. எனக்குத் தெரியாததா?”

கட்டை வைப்பது கத்துக்குட்டிகள் வேலை என்பது அவர் கொள்கை. பத்து விரலும் பத்திரமாக இருக்கிறதே, வேறென்ன அத்தாட்சி வேண்டும்? டாக்டரை இன்னும் முழுசாகத் திட்டி முடிக்கவில்லை. அவர் பக்கம் திரும்பி ஸ்பேனரை ஆட்டி ஆட்டிக் கொஞ்ச நேரம் பாடம் நடத்தினார். பிறகு அண்ணாந்து படுத்து, டிரைவுக்கும் படகின் பின்பலகைக்கும் நடுவே கையை நுழைத்தார். வாய் மட்டும் ஓயவில்லை.

ஹோஸ் கழன்றது. எண்ணெய் பீய்ச்சியடித்தது. தாங்கி நின்ற அழுத்தம் போனதும் அத்தனை பாரமும் மடாரென்று இறங்கி, அவர் மணிக்கட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றது. மறுபக்கம் டிரைவுக்கு அடியில் அந்தக் கட்டை நெட்டுக்குத்தாக நின்றுகொண்டிருந்தது.

சந்தேகம் மெதுவாகக் கையை உருவினார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். ஸ்டோருக்குள் அவள் எதையோ எண்ணி அடுக்கும் சத்தம் கேட்டது.

டாக்டர் குனிந்து கட்டையைப் பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்:

“இதை யாரு செஞ்சது?”



“என் வீட்டுக்காரி,” என்றார் சந்தேகம், தன் விரல்களைப் பார்த்தபடி.