அப்பா மட்டும் திடுக்கிடவில்லை

அம்மா கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு எழுந்து நின்ற அந்தக் கணத்தை நினைத்தால் இன்றைக்கும் என் உடம்பு ஒருமுறை உதறும். பிரெடெரிசியா என்ற டேனிஷ் நகரில், ஒரு சனிக்கிழமை மத்தியானம். அம்மாவோடு முதியோர் இல்லச் சமையலறையில் நெடுங்காலம் வேலை செய்த டேனிஷ் சிநேகிதிக்கு எழுபதாவது பிறந்தநாள். வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் மேசையெங்கும் குட்டிக் குட்டிச் சிவப்பு வெள்ளைக் கொடிகள், நடுவில் கிரீம் வழியும் கேக். மூலையில் சிநேகிதியின் தம்பியும் அவருடைய நண்பர்கள் இருவரும், நரைத்த தலைமயிரைக் குடுமியாகக் கட்டிக்கொண்டு, தாங்கள் இளமையில் வாசித்த ஆங்கிலப் பாட்டுகளை வாசித்துக்கொண்டிருந்தார்கள். பனிமலைகளுக்கு அப்பால் ஷம்பாலா என்றொரு நாடு ஒளிந்திருக்கிறது, அங்கே நோயில்லை, சண்டையில்லை என்று திபெத்தில் பௌத்தர்கள் சொல்லிவந்த கதையிலிருந்து பிறந்த பாட்டு ஒன்றை அடுத்ததாக எடுத்தார்கள். எழுபதுகளில் உலகம் முழுக்க வானொலியில் ஓடித் தேய்ந்த பாட்டு. மண்டபத்தில் பாதிப்பேர் கைதட்டத் தொடங்கினார்கள்.

அம்மா எழுந்து, நின்ற இடத்திலேயே பாடத் தொடங்கினார். அவர்கள் பாடிய மெட்டை அல்ல. அந்த மெட்டுக்குக் கீழே, கொஞ்சம் தடித்த, புகை படிந்தது போன்ற ஒரு குரல், மேலே போகும் குரலை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு கூடவே போனது. கிற்றார் வாசித்தவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டு கையால் கூப்பிட்டார். அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்துபோய் மைக்கைப் பிடித்தார். மைக்கை எவ்வளவு தூரத்தில் பிடிக்கவேண்டும் என்பது அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. ஒரு சொல்கூடத் தவறவில்லை.

என் அதிர்ச்சியை விளங்கப்படுத்த வேண்டுமென்றால் எங்கள் வீட்டைச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் பாட்டு இல்லை. காரில் ரேடியோ போட்டால் அம்மா கையை நீட்டி நிறுத்துவார். பழைய ஆங்கிலப் பாட்டு என்றால் இன்னும் வேகமாக. கோயிலில் எல்லோரும் தேவாரம் பாடும்போது உதடு மட்டும் அசையும். எனக்குப் பத்து வயது இருக்கும்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு இசைப்பள்ளியில் சேரவேண்டும் என்று அழுதேன். "எங்கட குடும்பத்துக்குப் பாட்டு ஒத்துவராது பிள்ளை" என்று அம்மா சொன்னார். நான் டேனிஷில் கத்தினேன், அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு இசை பிடிக்காது என்பது எனக்கு, அம்மாவுக்கு வலது கன்னத்தில் மச்சம் என்பதைப் போன்ற ஒரு சங்கதி. அந்த அம்மாதான் அங்கே, தொடையில் விரலால் தாளம் தட்டியபடி நின்றார்.

நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் கேக்கில் ஒரு துண்டைக் கரண்டியால் வெட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் திகைப்பு இல்லை. புருவம் மட்டும் லேசாகச் சுருங்கியிருந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம், ஹ்விடோவ்ரேயில் இருக்கும் அம்மா அப்பாவின் வீட்டுக்கு நான்தான் கார் ஓட்டினேன். அப்பா பக்கத்தில், அம்மா பின்னால். நெடுஞ்சாலையில் ஏறியதும், "அம்மா, அது என்ன?" என்று ஒருவாறு கேட்டேன். அவர் எனக்குப் பதில் சொல்லாமல் அப்பாவின் பின்தலையைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்கள் ஏன் திடுக்கிடேல்லை?"

அப்பா சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்கிறன். மண்டபத்தில எல்லாருக்கும் வாய் பிளந்துபோச்சு. நீங்கள் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தனீங்கள். உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்" என்றார் அப்பா.

"எப்ப தொடக்கம்?"

"கலியாணத்துக்கு முதல்."

"காரை நிப்பாட்டு பிள்ளை" என்றார் அம்மா. அடுத்துவந்த ஓய்விடத்தில் நிறுத்தினேன். அவர் கதவைத் திறந்து இறங்கி, லொறிகள் நிற்கும் இடத்தையும் கடந்து, அறுவடை முடிந்த வயலின் ஓரத்தில் போய் நின்றார்.

அந்த நேரத்தில்தான் அப்பா எனக்குச் சொன்னார். அவர் கொழும்பில் கிளார்க்காக இருந்தபோது வானொலியின் ஆங்கில ஒலிபரப்பில், உள்ளூர்ப் பிள்ளைகள் பாடும் நிகழ்ச்சியில், இந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறார். ஐரோப்பிய வம்சத்துப் பறங்கிப் பெண் ஒருத்தி, சிங்களச் சகோதரர்கள் இருவர், ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். அந்த யாழ்ப்பாணத்துப் பெயர் அவருக்கு நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. சில வருடத்தால் அதே பெயரில் சம்பந்தம் பேசி வந்தபோது வீட்டில் வேறு எதையும் விசாரிக்காமல் சம்மதம் சொல்லிவிட்டார். ஆனால் அம்மாவின் தமையன் அவரைத் தனியே கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னாராம்: அவள் கொழும்பில் ஹோட்டலிலும் பாடினவள், நாங்கள்தான் போய் இழுத்துக்கொண்டு வந்தனாங்கள், அந்தக் கதையை எடுக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணும். அப்பா சத்தியம் பண்ணினார். அதே தமையன் அம்மாவிடம், இது மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று சொல்லிவைத்திருந்ததைப் பிறகு அம்மா சொல்லித்தான் அறிந்தேன். ஒரே மனிதர், இரண்டு காதுகளில் இரண்டு பூட்டு.

அம்மா திரும்பிவந்தபோது செருப்பெல்லாம் மண். முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏன் என்னட்டச் சொல்லேல்லை?"

"சத்தியம் பண்ணிப்போட்டன். நீர் எப்பவாவது நீரா பாடுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"பாத்துக்கொண்டிருந்தனீங்கள்! நான் இந்தப் பிள்ளையைத் தாலாட்டக்கூட இல்லை. வாயைத் திறந்தால் பழகின குரல் வந்திடும் எண்டு பயந்து, தொட்டில்ல போட்டிட்டுப் பக்கத்தில சும்மா இருந்தனான். தெரியுமோ உங்களுக்கு?"

தாலாட்டு இல்லாதது எனக்கு ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை. அது தடுக்கப்பட்ட ஒன்று என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரிய பாலத்தின் மேல் கார் ஏறியபோது இரண்டு பக்கமும் கடல் வெயிலில் மினுங்கியது. மூன்று பேரும் மூன்று திசையில் பார்த்துக்கொண்டு போனோம்.

அதன்பின் பல வாரம் அந்த வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. உப்புக்கூடக் கூடக்குறைய இல்லை. ஆனால் அம்மா அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. என்னோடு மட்டும் பேசினார், அதுவும் அந்தக் கொழும்பு நாட்களை. பாட்டைக் கேட்டுக் கேட்டு எழுதி எடுத்தது, சிங்களச் சகோதரர்களில் மூத்தவன் பிக்குவாக இருந்த தன் தாய்மாமனிடம் ஷம்பாலா எங்கே என்று கேட்டு, "எங்கட புத்தகத்தில அப்பிடி ஒரு இடம் இல்லை" என்று ஏச்சு வாங்கியது, அதைச் சொல்லி எல்லோரும் ஒரே மேசையில் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு அதுவும் ஒரு அதிர்ச்சிதான். புத்தர் சிலை என்றால் மண்மூட்டைக்குப் பக்கத்தில், துவக்கோடு நிற்கும் ஆமிக்காரனுக்குப் பக்கத்தில் இருப்பது என்றுதான் எங்கள் ஆட்கள் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். டேனிஷ் வீடுகளின் சன்னல் விளிம்பில் மெழுகுதிரியோடு அவரைக் காணும்போதெல்லாம் எனக்குள் ஏதோ ஒன்று இறுகும். அம்மாவின் ஞாபகத்திலோ அவர் ஒரு பகிடிக்குள் வந்துபோனார்.

இலையுதிர்காலத்து ஞாயிறு ஒன்றில் பேக்கரியில் சூடான பாண் வாங்கிக்கொண்டு காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா பாணை வெட்டியபடி, தலை நிமிராமல், அப்பாவிடம் கேட்டார்.

"அண்டைக்கு ரேடியோவில என்னத்தைக் கேட்டனீங்கள்? சொல்லுங்கோ பாப்பம்."

அப்பா இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல நிமிர்ந்தார். "கடைசியில அந்தக் குரல் ஒரு இடத்தில மேல போகுமெல்லே. மெல்லிசா, கண்ணாடி மாதிரி. போய் அங்கேயே நிண்டுகொண்டிருக்கும். அதைக் கேட்டிட்டு நான் கடற்கரையில நெடுநேரம் நடந்தனான். அந்தக் குரலைத்தான்..."

அம்மாவின் கையில் கத்தி நின்றது.

"அது நானில்லை."

"என்ன?"

"மேல போறது அவள், அந்தப் பறங்கிப் பெட்டை. நான் கீழ்க்குரல். எனக்கு ஒருநாளும் மேல எட்டாது."

இதுவரை எதற்கும் அசையாத என் அப்பா அப்போதுதான் திடுக்கிட்டார். முகம் வெளிறிப்போயிற்று. பிரெடெரிசியா மண்டபத்தில் அவருடைய புருவம் ஏன் சுருங்கியது என்று எனக்கு விளங்கியது. தான் காத்திருந்த குரல் வராமல் வேறொரு குரல் வந்த குழப்பம் அது. ரேடியோவில் யாழ்ப்பாணத்துப் பெயரைக் கேட்டவர் அந்த மெல்லிய குரலுக்கு அதைச் சூட்டிவிட்டிருக்கிறார். வேறொருத்தியின் குரலுக்காக என் அம்மாவைக் கைப்பிடித்து, அந்தக் குரலுக்காகவே இத்தனை காலமும் பக்கத்தில் காத்திருந்திருக்கிறார்.

நான் அம்மாவைப் பார்க்கப் பயந்தேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிய, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பிழையான ஆளைக் கட்டிப்போட்டீங்கள்."

அப்பா சிரிக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர் போல இருந்தார். பிறகு சொன்னார். "அப்ப உம்மட குரலை நான் அந்த மண்டபத்திலதான் முதல்முதல் கேட்டிருக்கிறன். சரியாக் கேக்கேல்லை. வேற குரலைத் தேடிக்கொண்டிருந்திட்டன்." கொஞ்சம் நிறுத்தி, "ஒருக்காப் பாடும்" என்றார்.

சத்தியத்துக்குப் பயந்தும் மரியாதைக்குப் பயந்தும் அவர் ஒருநாளும் கேட்காத ஒன்று.

"கீழ்க்குரலைத் தனியப் பாடேலாது. மேல ஆராவது பாடவேணும்" என்றார் அம்மா.

எனக்கு அந்தப் பாட்டு தெரியாது. இல்லையென்று தலையை ஆட்டினேன். அப்போது அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு பாடத் தொடங்கினார். என் அப்பா, கோயிலில்கூடக் கைகட்டி நிற்கும் மனிதர். குரல் கரகரத்தது, சுருதி எங்கோ போனது, ஆனால் முதல் சொல்லிலிருந்து எல்லாம் அவருக்குப் பாடமாக இருந்தது. அம்மா சற்று நேரம் அவரை வெறித்துப் பார்த்தார். அத்தனை வாரத்தில் அதுதான் முதல் பார்வை. இரண்டாவது வரியில் தன் குரலை மெதுவாகக் கொண்டுவந்து அதற்குக் கீழே வைத்தார்.

மன்னித்துவிட்டதாக அம்மா இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை. அன்றைக்கு அந்தப் பாட்டின் நடுவில் அப்பா தாளத்தை விட்டு முந்திப் போனபோது அவர் ஒருமுறை நிறுத்தி, கையைத் தூக்கி, அப்பாவிடம் சொன்னது மட்டும்தான் என்னிடம் இருக்கிறது.

"ஓடாதேங்கோ. நான் வாறன்."