சுந்தரி அக்காவின் ஈரத் துண்டு

சுந்தரி அக்கா இறந்த செய்தியைக் கோர்ட் வாசலில் டைப் அடிக்கும் அண்ணாச்சிதான் கொண்டுவந்தார். சைக்கிளை விட்டு இறங்காமலே, "உங்க அக்கா போயிட்டாவம்மா" என்றார். சர்ச்சுக்குக் கிளம்பும்போது நெஞ்சு வலித்ததாம். எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. மறுநாள் கடையநல்லூரிலிருந்து ஒரு தம்பதி எங்களைப் பார்க்க வருவதாக இருந்தது. இனி அவர்கள் நடுவில் நான் தனியாக உட்கார வேண்டும்.

அக்காவின் வேலை என்னவென்று, அவரோடு பழகி இன்று அவர் நினைவுக்காகக் கூடியிருக்கும் உங்களுக்குத் தெரியும். விவாகரத்து மனு போடும் முன், தென்காசி வக்கீல்கள் புருஷன் பெண்டாட்டியை அவரிடம் பேச அனுப்புவார்கள். எழுபதுகளில் அதை ஒரு வேலை என்று யார் மதித்தார்கள்? 'பஞ்சாயத்து பேசுத பொம்பள' என்றே சொல்வார்கள். "பஞ்சாயத்துல ஒருத்தர் ஜெயிப்பாவ. இங்கன யாரும் ஜெயிக்கக் கூடாது" என்பார் அக்கா. சேர்ந்தாலும் சரி, பிரிந்தாலும் சரி, ரத்தம் வராமல் நடக்க வேண்டும் என்பதுதான் அவர் கவலை.

அவரிடம் உதவிக்குச் சேர்ந்த நானோ பெரிய பயந்தாங்கொள்ளி. முதல் வாரமே ஒருவர் மேசையை ஓங்கிக் குத்த, நான் கொல்லைப்புறம் ஓடிவிட்டேன். எல்லாம் முடிந்தபின் அக்கா வந்து, "ஏட்டி, ஓடுததா இருந்தா என்னையும் கூப்பிட்டுட்டு ஓடு" என்றார். அப்போது அதைக் கேலி என்றே நினைத்தேன்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், முரட்டு ஆட்களின் வழக்குகளை அக்கா அங்கேதான் பேசுவார். அருவியில் ஆண்கள் பக்கம் அவன் குளிக்க வேண்டும், பெண்கள் பக்கம் அவள். தலையைத் துவட்டிக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்த பிறகுதான் பேச்சு. "மனசு குளிரட்டும்னா அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மனசு குளிருதோ என்னமோ. ஈரத் துண்டைக் கட்டிட்டு நிக்கவன் இடுப்புல அரிவாள் இருக்காதுல்லா."

சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து என் பயம் இரண்டு மடங்கானது.

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தை வியாபாரி ஒருவரின் மனைவி, அடி தாங்காமல் குத்துக்கல்வலசையில் தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். விவாகரத்து வாங்கித் தீர்த்துவிட வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தாள். வெட்டிப்போடுவேன் என்று அவர் சந்தையிலேயே சொல்லித் திரிந்தார். அவர்களைக் குற்றாலத்துக்கு வரச்சொல்லியிருந்தோம். போய் இறங்கினால் அருவியில் வெள்ளம். செம்மண் நிறத்தில் தண்ணீர் கொட்டுகிறது, குளிக்கப் போலீஸ் விடவில்லை. அந்த மனிதர் முழுச்சட்டையோடு, கக்கத்தில் ஒரு மஞ்சள் பையை இடுக்கிக்கொண்டு வந்தார்.

பையைப் பார்த்ததும் அவள் என் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் அவளுடைய வளையல் என் மணிக்கட்டில் பதிந்தது. போலீஸ்காரர் தூரத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலில் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. அக்கா போய் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். அவர் சேலைக் கொசுவம் நடுங்குவதைப் பார்த்தபோது, அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"அண்ணாச்சி, எனக்குப் பயமா இருக்கு" என்றார் அக்கா. "அந்தப் பையைப் பாத்தா பேச்சு வரமாட்டேங்கு. எங்கயாவது வச்சிட்டு வாங்க. உள்ள என்னன்னு நான் கேக்க மாட்டேன்."

அவர் திகைத்துப்போனார். "உங்களுக்கா பயம்?"

"எனக்கு இப்பத்தான். இவளுக்குக் கல்யாணம் ஆன அன்னையிலேர்ந்து இருக்கு."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையைத் தூக்கவில்லை. அவர் பக்கத்திலிருந்த எண்ணெய்க் கடையில் பையைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தார். மத்தியானம்வரை பேசினோம். பிரிந்துவிடுவது என்று இருவரும் சம்மதித்தார்கள். பையில் என்ன இருந்தது என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது.

திரும்பும்போது அக்கா பஸ் ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "பாதிப் பயத்தை அவர்ட்ட சொல்லிட்டேன். மிச்சம் இந்தா போவுது" என்றார். இத்தனை வருஷம் தைரியசாலி என்று நாம் கொண்டாடிய மனுஷி இவர்தான்.

அடக்கத்துக்கு அந்தக் குத்துக்கல்வலசைப் பெண் வந்திருந்தாள். இப்போது தையல் கடை வைத்திருக்கிறாள். அன்று போலவே என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடையநல்லூர்த் தம்பதி, சாவுச் செய்தி கேட்டுத் தள்ளிப்போட்டு, மறுவாரம் வந்தார்கள். கணவர் துபாயிலிருந்து லீவில் வந்தவர். உள்ளே வந்ததும், "வெளிய கேக்கக் கூடாது" என்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அவர் மனைவியின் கண் தாழ்ப்பாளிலேயே நின்றது. அக்காவின் நாற்காலி காலியாகக் கிடந்தது. அவருடைய தைரியம் எனக்கு வரவில்லை, அது அவரிடமும் இருந்ததில்லை. அவர் சொன்ன அந்த ஒரு சொல்தான் என்னிடம் மிச்சம்.

"அண்ணாச்சி, எனக்குப் பயமா இருக்கு. கதவைத் திறந்து வச்சிட்டுப் பேசுவோமா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு எழுந்து தாழ்ப்பாளை நீக்கினார். அதற்கப்புறம்தான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள்.