புதன்கிழமை விண்ணப்பம்

யாராவது என்னை ஒரு வார்த்தை சொன்னால் நான் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லிவிடுவேன். மாமியாரே என்னை வாயாடி என்றுதான் பிறத்தியாரிடம் அறிமுகப்படுத்துவார். அப்படிப்பட்டவள் வாயைத் திறக்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு நாள். அன்று என்னைப் பற்றிப் பேசியவள் சண்டையில் பேசவில்லை, ஜெபத்தில் பேசினாள். அவள் எனக்கு உயிருக்கு உயிரானவள். இத்தனை வருஷம் கழித்தும் அதை எழுத உட்கார்ந்தால் பேனா முனை தாளைக் கிழித்துவிடுகிறது. வயதினால் அல்ல, கோபத்தினால்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். மார்த்தாண்டத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் என் கணவர், போதகருக்குக் கீழே சபையைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாராக இருந்தார். வேதக்கோயில் என்று நாங்கள் சொல்லும் தேவாலயத்தை ஒட்டி ஓலை வேய்ந்த வீடு ஒன்றை மிஷனில் எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். வேலை இருக்கும்வரை வீடு இருக்கும். உபதேசியார் வீட்டில் யாருக்காவது நடத்தை பிசகினால் வேலையும் போகும், வீடும் போகும். கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே மாமியார் இதை எனக்குச் சொல்லிவிட்டார்.

உபதேசியார் பெண்டாட்டிக்குச் சிநேகிதி என்று ஒருத்தி கிடைப்பது கஷ்டம். எல்லோரும் 'அம்மா' என்பார்கள், நோய்நொடி சொல்லி அழுவார்கள். நான் சிரித்தால் மட்டும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இரண்டு வருஷம் நான் கிணற்றுக் கயிற்றோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் புது வாத்தியார் வந்தார். அவர் மனைவியும் என்னைப் போலவே வாயும் வயிறுமாக நின்றாள். எனக்குப் பெண் பிறந்து பதினோராம் நாள் அவளுக்கு ஆண் பிறந்தது.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு விளை, மரங்கள் நின்ற தோட்டம். அதில் ஒரு பெரிய அயனி மரம். மதியச் சமையல் முடிந்து மாமியார் கண்ணயரும் நேரம், என் பழைய சேலை ஒன்றை அதன் தாழ்ந்த கிளையில் தொட்டிலாகக் கட்டுவோம். ஒரே தொட்டில்தான். இரண்டு பிள்ளைகளையும் தலைமாடு கால்மாடாகப் போட்டு, ஆளுக்கு ஒரு தடவை ஆட்டுவோம். அரை மணி நேரம், மிஞ்சினால் முக்கால் மணி. அந்த நேரத்துக்கு அவள்தான் சட்டம் போட்டாள்.

"இஞ்ச வந்து இருந்தா வீட்டுக் காரியம் பேசப்பிடாது, கேட்டியா? மாமியாரப் பத்தி நெனச்சாலும் எந்திரிச்சிப் போயிரணும்."

"அப்ப நான் இருக்கவே முடியாதேட்டி."

சிரித்துச் சிரித்துத் தொட்டிலே ஆடிவிடும். அவள் சொன்னபடியே சும்மா இருக்கப் பழகினேன். எந்த வீட்டில் நெல் குத்துகிறார்கள் என்று உலக்கைச் சத்தத்தை வைத்துச் சொல்வோம். தூரத்தில் அக்கானியை, அதுதான் பதநீரை, காய்ச்சும் வாடை வந்தால் பாகு எந்தப் பதத்தில் இருக்கிறது என்று பந்தயம் கட்டுவோம். அவள்தான் எப்போதும் ஜெயிப்பாள். பங்குனி சித்திரையில் பனையேறியின் மனைவி ஓலைப் பட்டையில் அக்கானி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போவாள். ஒரு பட்டையில் இருவர் குடிக்க வேண்டும். அந்தப் பக்கம் அவள் வாய், இந்தப் பக்கம் என் வாய்.

"மெதுவா குடிட்டி. இது வயித்துக்கில்ல, நாக்குக்கு" என்பாள்.

எனக்குக் குடிக்கக் கற்றுக்கொடுத்தது அவள்தான். அதுவரை நான் எதையும் விழுங்கித்தான் பழக்கம்.

என் பிள்ளைக்கு ஒரு வயது முடியும்போது கக்குவான் இருமல் வந்தது. இருமத் தொடங்கினால் முகம் நீலம் பாரித்துவிடும். மூச்சை உள்ளே இழுக்கும்போது வரும் அந்தக் கூவலைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். மிஷன் ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் நல்ல மனிதர். மருந்து கொடுத்தார், மூன்று மாதம் அது இருந்துதான் போகும் என்று உண்மையையும் சொன்னார். என் கணவர் ஜெபித்தார், மாமியார் உபவாசம் இருந்தார். ஒரு மாதம் ஆனது. பிள்ளை உருகி, தோளில் போட்டால் துணி போலக் கிடந்தாள். எனக்கு ஜெபம் வரவில்லை. முழங்காலில் நின்றால் அந்தக் கூவல்தான் கேட்டது.

அயனி மரத்தடியில் நான் அழுதுகொண்டிருந்தபோது அவள் சொன்னாள்.

"கெழக்க தாங்கல்ல தண்ணி குடுக்காங்க. எங்கம்மை வீட்டுப் பக்கம் வேதக்காரங்களும் போவாங்க, வெளிய சொல்ல மாட்டாங்க. போவோமா?"

அய்யாவழிக்காரர்கள் கூடிக் கும்பிடும், நோய்க்குத் தண்ணீர் கொடுக்கும் நிழல் தாங்கலைத்தான் சொன்னாள். 

"உவதேசியார் பெஞ்சாதி நான் அங்க போலாமாட்டி? வீடே போயிரும்."

"பிள்ளைக்கு உவதேசியாரத் தெரியுமா? எக்கு ஒனக்க வெப்ராளத்தையும் அழுகையையும் பாத்துட்டு இருக்க முடியல. நானும் வாறேன். ஆரு கேட்டாலும் எங்க சித்தி வீட்டுக்குப் போனோம்னு சொல்லு."

போனோம். நான் என் பிள்ளையைத் தோளில் போட்டிருந்தேன். அவள் தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஓலைக்குடையை எங்கள் நாலு பேருக்குமாகப் பிடித்து வந்தாள். தாங்கலில் தலைப்பாகை கட்டிய ஒருவர் இருந்தார். என்ன சாதி, என்ன வேதம் என்று ஒன்றும் கேட்கவில்லை. "பிள்ளை தாகமா இருக்கு, குடிக்கட்டும்" என்று தண்ணீரைக் கையில் ஊற்றினார். வெள்ளை மண்ணைக் குழைத்துப் பிள்ளை நெற்றியில் நாமம் இட்டார். அவர் கையை எடுக்கும்முன் என் சிநேகிதி தன் பிள்ளையை முன்னே நீட்டினாள்.

"இவனுக்கும் இடுங்க."

அவனுக்கு ஒரு நோயும் கிடையாது. ஆசைதான். திரும்பும் வழியில் வாய்க்காலில் என் முந்தானையை நனைத்து இரண்டு நெற்றியையும் துடைத்தோம். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கலாமா என்று நினைத்தேன். சத்தியம் செய்வது பாவம் என்று எங்களுக்குப் போதித்திருந்தார்கள். அதனால் அவள் முகத்தைப் பார்த்தேன், அவளும் என்னைப் பார்த்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த பத்து நாளில் இருமல் தணிந்தது. மருந்தா, தண்ணீரா, நோய் தன் காலத்தை முடித்துக்கொண்டதா, எனக்குத் தெரியாது. பிள்ளை கஞ்சி கேட்டு அழுதாள். மறுபடி தொட்டில் கட்டினோம்.

புதன்கிழமை மதியம் வேதக்கோயிலில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். இருபது இருபத்தைந்து பேர் பாய் விரித்து உட்காருவோம். முதலில் ஒவ்வொருத்தியும் தன் விண்ணப்பத்தைச் சொல்வாள். பிறகு எல்லோரும் கண்ணை மூட, ஆவியானவர் ஏவுகிறவள் வாய்விட்டு ஜெபிப்பாள். ஒருத்தி ஜெபிக்கும்போது இன்னொருத்தி குறுக்கே பேசக்கூடாது. கண்ணைத் திறக்கவும் கூடாது. முடிவில் எல்லோரும் சேர்ந்து ஆமென் சொல்ல வேண்டும்.

அன்று அவள் ஜெபிக்கத் தொடங்கியதும் எனக்குப் பெருமையாக இருந்தது. நல்ல குரல் அவளுக்கு.

"இரக்கமுள்ள பிதாவே, எங்களுக்குள்ளே ஒரு சகோதரி, பிள்ளையின் வியாதியினிமித்தம் விசுவாசத்தில் தளர்ந்து, கிழக்கே தாங்கலுக்குப் போய், உம்முடைய பிள்ளையின் நெற்றியிலே நாமம் இடுவித்தாள். அறியாமல் செய்த அந்தப் பாவத்தை மன்னியும் சுவாமி. அவளைத் தள்ளிவிடாதேயும்."

அந்த வருஷம் எங்கள் சபையில் அப்படி வியாதிப்பட்டுக் கிடந்த பிள்ளை ஒன்றே ஒன்றுதான்.

நான் கண்ணைத் திறந்தேன். திறக்கக்கூடாத கண்கள் எல்லாம் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் மாமியார் மட்டும் கண்ணை இறுக மூடியிருந்தார், அவர் கன்னம் துடித்தது. அவள் குரல் தழுதழுத்து இன்னும் எனக்காக மன்றாடிக்கொண்டிருந்தது. சந்தையில் ஒருத்தி இதைச் சொல்லியிருந்தால் நான் தலைமயிரைப் பிடித்திருப்பேன். ஜெபத்தில் சொல்கிறவளை என்ன செய்வது? ஆண்டவரிடம் பேசுகிறவளிடம் நான் எப்படிப் பேசுவது? கடைசியில் எல்லோரும் ஆமென் என்றார்கள். பழக்கம் விடுமா, நானும் ஆமென் என்றேன்.

வீட்டுக்குப் போவதற்குள் சேதி எனக்கு முன்னே போய்விட்டது. என் கணவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"நீ போனத நான் தப்புன்னு சொல்லல. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாமே" என்றார்.

அவளோடு போகத் தோன்றிய எனக்கு அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. 

ஞாயிற்றுக்கிழமை போதகர் வந்தார். நான் சபை முன்னால் எழுந்து நின்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார். நின்றேன். ஆறு மாதம் எனக்குத் திருவிருந்தில் அப்பமும் ரசமும் இல்லை, என் கணவர் இனி அந்தச் சபையில் உபதேசியார் இல்லை என்று வாசித்தார்கள். பிறகு போதகர் கேட்டார்.

"உம்மோட வேற யாரும் போனாங்களா?"

பெண்கள் பக்கம் மூன்றாவது பாயில் அவள் இருந்தாள். பிள்ளைக்குப் பால் கொடுப்பதுபோலக் குனிந்திருந்தாள். நான் அவளைக் காப்பாற்ற நினைத்தேன் என்று யாரும் எண்ண வேண்டாம், அவ்வளவு நல்லவள் இல்லை நான். அவள் தானாக எழுந்து நிற்பாள் என்று காத்திருந்தேன். போதகர் மறுபடி கேட்கும்வரை காத்திருந்தேன். அவள் தலை நிமிரவில்லை.

"எம்பிள்ள இருந்தா, ஐயரே" என்றேன்.

மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் என் கணவருக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. பழைய ஊரில் ஞாயிறு ஆராதனையை நடத்தும் பொறுப்பை அவள் கணவரிடம் கொடுத்தார்கள். அதற்காகத்தான் இத்தனையும் செய்தாள் என்று மாமியார் சொன்னார். நான் நம்பவில்லை. அப்படி இருந்திருந்தால் வெறுப்பது எளிதாக இருந்திருக்கும்.

சாமான்களை வண்டியில் ஏற்றிய காலை அவள் விளை வழியாக ஓடிவந்தாள். இடுப்பில் பிள்ளை. கையில் ஓலைப் பட்டை நிறைய அக்கானி.

"எம்பிள்ளைக்க குல்லாயில வெள்ள மண்ணு ஒட்டியிருந்தத எங்க வீட்டுக்காரங்க கண்டுட்டாங்க. ஒனக்குத் துணைக்கு வந்தேன்னு சொன்னேன். எக்கு ஒரே பயமும் பேடியுமாயிட்டு. வேற ஆராவது நம்ம ரெண்டு பேரையும் சொல்றதுக்கு முன்ன நீயே ஜெபத்துல சொல்லிரு, அப்ப பாவமில்லன்னாங்க." மூச்சு வாங்கினாள். "ஒனக்காகத்தான மக்கா ஜெபிச்சேன்."

"ஒரு சகோதரின்னு சொன்னியே. ரெண்டு சகோதரின்னு சொல்ல ஒனக்கு என்னட்டி?"

 அழுதாள். பட்டையை நீட்டினாள். நான் வாங்கவில்லை. என் பிள்ளை தாவி அதைப் பிடித்துக் குடித்தாள், பாதி வண்டியில் சிந்தியது. அவள் பையன் என் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

"தெனமும் ஒனக்காக ஜெபிப்பேன்" என்றாள்.

"வேண்டாம். ஆண்டவருக்கு எல்லாம் தெரியும், நீ சொல்ல வேண்டாம்" என்றேன்.

புது ஊரில் விளையும் கிடையாது, அயனி மரமும் கிடையாது. காலில் ஒட்டும் கருமணலும் தென்னையும்தான். மதியத்தில் பிள்ளையை மடியில் போட்டு வாசலில் உட்காருவேன். அந்த அரை மணி நேரம் தானாக வந்து நிற்கும். கடல் சத்தத்தில் எந்த வீட்டு உலக்கையும் கேட்காது. அவளை நினைத்தால் கோபம் வரும். கோபத்துக்கு நடுவில், இந்த அலைச் சத்தத்தை அவள் கேட்டால் என்ன சொல்வாள் என்றும் தோன்றும். அதற்கு இன்னும் கோபம் வரும்.

அங்கேயும் புதன்கிழமை பெண்கள் கூடுவார்கள். போகாமல் இருக்க முடியாது, போனேன். என் முறை வரும்போது விண்ணப்பம் என்ன என்று கேட்பார்கள். "எனக்கு ஒண்ணுமில்ல, அடுத்தவங்கள கேளுங்க" என்பேன். எல்லோரும் கண்ணை மூடுவார்கள். நான் மூடமாட்டேன். அடுத்த வருஷம் அதே பிள்ளை பதினெட்டு நாள் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். நடுவில் வந்த இரண்டு புதன்கிழமையும் ஜெபக்கூட்டத்துக்குப் போனேன். விண்ணப்பம் கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன்.