மங்கலம் ரோட்டுக்கு வந்த பஸ்

மக்கள் எப்படிப் போய்வர வேண்டும் என்று திட்டம் போடும் உத்தியோகத்துக்கு முக்கியமான தகுதி ஒன்றுதான்: திட்டம் போடுகிறவர் வாழ்நாளில் பஸ்ஸுக்காகக் காத்து நின்றிருக்கக் கூடாது. ஃபுட்போர்டில் தொங்கி, கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, சட்டைப் பொத்தானைப் பறிகொடுத்த உங்களுக்கும் எனக்கும் அந்தத் தகுதி கிடையாது. இருந்தும், எழுபதுகளில் பெட்ரோல் விலை எகிறியபோது, திருப்பூர் வட்டாரத்தில் கார்களைக் குறைத்து பஸ்களைக் கூட்ட ஒரு கமிட்டி போட்டார்கள். அதில் வண்டிக் கணக்கெடுக்கும் குமாஸ்தாவாக என்னையும் சேர்த்துவிட்டார்கள்.

கார் நிறுத்த இடமில்லை

முதல் கூட்டம். கார்களைக் குறைப்பது எப்படி என்று பேச, உடுமலைப்பேட்டையிலிருந்தும் குண்டடத்திலிருந்தும் உள்ளூரிலிருந்தும் உறுப்பினர்கள் ஆளுக்கொரு காரில் வந்து இறங்கினார்கள். ஒரே வீட்டு அண்ணன் தம்பி இருவர் முன்னும் பின்னுமாக இரண்டு கார்களில் வந்தார்கள். அடுத்தவர் காரில் தொற்றிக்கொண்டு வந்தால், வியாபாரம் படுத்துவிட்டது என்று சாயங்காலத்துக்குள் ஊரே பேசுமாம். மதியம் வரை நான் ஆற்றிய திட்டப்பணி, எந்தக் காரை நகர்த்தினால் எந்தக் கார் வெளியே வரும் என்று டிரைவர்களிடம் கெஞ்சியதுதான்.

கமிட்டித் தலைவர் ஒரு பனியன் கம்பெனி முதலாளி. மங்கலம் ரோட்டில் தோட்டத்து வீடு, ஊருக்குள் கம்பெனி, நடுவில் ஓட ஒரு அம்பாசிடர் கார். அடுத்த கூட்டத்துக்காவது பஸ்ஸில் வந்தால் என்ன என்று அவரிடம் பணிவாகக் கேட்டேன். அவர் என்னைவிடப் பணிவாகச் சொன்னார்:

"வரலாமுங்க. ஆனா பஸ்ஸுல வந்தா கமிட்டி மெம்பர்னு சொன்னாலும் வாட்ச்மேன் உள்ள உடமாட்டானுங்களே!"

சக்கரம் இருந்தால் மனிதர்

எந்த ரோட்டுக்கு பஸ் வேண்டும் என்று கண்டுபிடிக்க, மங்கலம் ரோட்டில் காதர் பாய் டீக்கடை பெஞ்சில் என்னை உட்கார வைத்தார்கள். பட்டணத்திலிருந்து வந்த எங்கள் ஆபீசரின் உத்தரவு தெளிவானது: சக்கரம் உள்ளதை மட்டும் எண்ண வேண்டும். விடிந்ததும் ரோடு நிறைய ஆட்கள் சோற்றுத் தூக்குப்போசியோடு பனியன் கம்பெனிகளுக்கு நடந்து போனார்கள். நடப்பவருக்குச் சக்கரம் இல்லாததால், அரசாங்கக் கணக்குப்படி ரோடு வெறிச்சோடிக் கிடந்தது.

தலைவரின் காரோ போய் வந்துகொண்டே இருந்தது. அவரைக் கம்பெனியில் இறக்கிவிட ஒரு தடவை, மறந்த மூக்குக்கண்ணாடியை எடுக்க ஒரு தடவை, சாப்பாட்டுக் கேரியருக்கு ஒரு தடவை, கேரியரில் வைக்க மறந்த ரசத்துக்கு ஒரு தடவை. அத்தனையையும் கோடு போட்டு எண்ணினேன். டீ ஆற்றியபடியே காதர் பாய் சொன்னார்:

"எழுதிக்குங்க தம்பி, ரசம் தனியாக் கார்ல போவுது."

மாட்டு வண்டி ஒன்று

நடந்து போகிறவர்களில் ராமாத்தாளும் ஒருத்தி. தலைவரின் கம்பெனியிலேயே பனியன் மடிக்கும் வேலை. எட்டு மணி அடித்ததும் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அடிக்கடி கேட்டுக்கு வெளியே நின்றால், வேலையை விட்டே நிறுத்திவிடுவார்கள். அதனால் அவளுக்கு பஸ் வந்தே ஆக வேண்டும். தினமும் என் பெஞ்சுக்கு முன்னால் நின்று, "பஸ்ஸு எப்பங்க சார் வருது?" என்று கேட்டுவிட்டு ஓடுவாள். ஒரு நாள் சக்கர விதியை அவளிடம் விளக்கினேன். மறுநாள் அவளும் கூட்டாளிகளும் ஒரு மாட்டு வண்டியைப் பிடித்து, நுகத்தடி வரை நெருக்கி உட்கார்ந்து, எனக்குக் கை காட்டிக்கொண்டு போனார்கள்.

ஆபீசரிடம் பெருமையாகச் சொன்னேன். வண்டியில் எத்தனை பேர் இருந்தாலும் வண்டி ஒன்றுதானே, ஒன்று என்றே போடு என்றார். இதை ராமாத்தாளிடம் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அப்ப எங்களுக்கு பஸ்ஸு வரோணும்னா, மொதல்ல நாங்க ஆளுக்கொரு காரு வாங்கோணுமுங்களா?"

எட்டு மணிக்கு யார் வேலைக்குப் போவார்?

தலைவரின் கார் ஓடிய ஓட்டத்தில் மங்கலம் ரோடு பரபரப்பான ரோடு என்று முடிவாகி, பஸ் வந்தே விட்டது. எந்த நேரத்துக்கு விடலாம் என்று ஆபீசர் தலைவரிடம்தான் கேட்டார். தலைவர் கம்பெனிக்குக் கிளம்புவது பத்து மணிக்கு. பஸ்ஸும் பத்து மணிக்குக் கிளம்பியது. கேட் எட்டு மணிக்கே மூடிவிடும் என்று நான் குறுக்கே சொன்னேன். ஆபீசர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்:

"எந்த ஆபீஸ்லய்யா எட்டு மணிக்குத் திறக்கிறான்?"

பஸ் வேறு, கேட் வேறு

பத்து மணி பஸ் காலியாகவே ஓடியது; அதை நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு கிளம்பியது. பஸ் நிலைத்துவிட்டால் நேரத்தைப் பிறகு மாற்றிக் கேட்கலாம் என்று ராமாத்தாள் கூட்டாளிகளைத் திரட்டி ஒரு நாள் துணிந்து அதில் ஏறினாள். கம்பெனி வாசலில் இறங்கியபோது கேட் பூட்டியிருந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து தலைவரின் கார் வந்தது. கேட் அதற்கு மட்டும் திறந்தது. உங்கள் கமிட்டி விட்ட பஸ்ஸில்தானே வந்தோம் என்று அவர்கள் முறையிட, அவர் கண்ணாடியை இறக்கி, "பஸ்ஸு வேற, கேட்டு வேறம்மா" என்றார். கூட்டம் சேர்த்ததற்காக ராமாத்தாளை மட்டும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

மறுநாள் ஆபீசர் ஜீப்பில் வந்து பஸ்ஸைச் சோதித்தார். ஒருவரும் இல்லை. இந்த ஊர் மக்கள் நடப்பதையே விரும்புகிறார்கள் என்று மேலே எழுதிவிட்டார், பஸ் நின்றது. காதர் பாய் கடை முன்னால், வேலை தேடி வேறு கம்பெனிக்கு நடந்துகொண்டிருந்த ராமாத்தாளைப் பார்த்தேன். பெஞ்சிலிருந்து எழுந்து நின்றேன். அவள் நிற்கவில்லை, போகிறபோக்கில் சொன்னாள்:

"பஸ்ஸு வராத வரைக்கும் வேலையாச்சும் இருந்துச்சுங்க சார்."

கார்களைக் குறைக்கப் புறப்பட்ட எங்கள் திட்டத்தால் மங்கலம் ரோட்டில் கடைசியில் குறைந்தது, ஒரு பஸ்ஸும் ராமாத்தாளின் வேலையும்தான்.